எம்.டி.பி.யில் டிராப் பார்: ஷிஃப்டர் வாங்குமுன் கேபிளை அளந்துவிடுங்கள்

என் பழைய 26 இஞ்ச் எம்.டி.பி.யில் (மலைப்பாதைச் சைக்கிள்) டிராப் பாரை (ரேஸ் சைக்கிளின் கீழே வளைந்த ஹேண்டில்பார்) மாட்டிய நாள். ஹேண்டில்பார் டேப் சுற்றுமுன் ஒருமுறை பார்த்துவிடலாமே என்று சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றினேன். வலது லீவரில் ஒரு தட்டு. செயின் அடுத்த பல்சக்கரத்தை உரசிக்கொண்டே ஓடியது, ஏறவில்லை. இன்னொரு தட்டு. ஏறியது, ஆனால் அதற்கடுத்ததையும் தொட்டுக் கிர்ரென்றது. ஒன்பது தட்டும் தட்டி முடித்தபோது செயின் ஏழாவது பல்சக்கரத்தோடு நின்றுவிட்டது. மேலே மூன்று பெரிய சக்கரங்கள் எண்ணெய்கூடப் படாமல் பளபளத்துக்கொண்டிருந்தன.

லீவரும் ஷிமானோ கம்பெனி, டீரெய்லரும் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்கு நகர்த்தும் பாகம்) ஷிமானோ. இதுவும் 10 ஸ்பீடு, அதாவது பின்னால் பத்துப் பல்சக்கரம்; அதுவும் 10 ஸ்பீடு. நான் பார்த்து வாங்கியது இந்த இரண்டை மட்டும்தான். பார்த்திருக்க வேண்டியது வேறொன்று.

எம்.டி.பி.க்கு டிராப் பார் போடுவது புதுப் பழக்கமில்லை. 1990இல் ஜான் டோமாக் யெட்டி சைக்கிளில் டிராப் பாரோடு மலைப் பந்தயங்களில் இறங்கினார். அதே சமயத்தில் 7-இலெவன் அணிக்காக ரோடு பந்தயமும் ஓட்டிக்கொண்டிருந்ததால், இரண்டு சைக்கிளிலும் கை ஒரே மாதிரி உட்காரட்டும் என்பது கணக்கு. ஹேண்டில்பாரை மாற்றுவது அரை மணி நேர வேலை. கியர் மாற்றும் ஷிஃப்டரில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் எல்லோரும் கையிலிருந்து தொடங்குகிறார்கள். பின்சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பழைய ஷிஃப்டரையே மாட்ட முடியாதா?

முடியாது. எம்.டி.பி. ஹேண்டில்பாரில் கைப்பிடி இருக்கும் இடத்தின் விட்டம் 22.2 மி.மீ. டிராப் பாரின் வளைவுப் பகுதி சுமார் 23.8 மி.மீ. கட்டைவிரல் ஷிஃப்டரின் கிளாம்பை நெம்பி விரித்து ஏற்றிவிடலாம் என்று தோன்றும். அலுமினியக் கிளாம்ப் விரியாது, வெடிக்கும். எப்படியோ ஏற்றினாலும், பிரேக் ஹூடில் (லீவரின் மேலுள்ள ரப்பர் பிடி) கை இருக்கும்போது கட்டைவிரல் அங்கே போய்ச் சேராது. ஸ்டெம் (ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் துண்டு) பிடிக்கும் இடம் மட்டும் இரண்டிலும் பெரும்பாலும் 31.8 மி.மீ. என்பதால் ஸ்டெம் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அதையும் மாற்ற வேண்டிவரும், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் வேலை: டீரெய்லர் எந்தக் குடும்பம்?

ஷிஃப்டர் செய்வது ஒரே வேலை: ஒவ்வொரு கிளிக்குக்கும் குறிப்பிட்ட அளவு கேபிளை இழுக்கும், அல்லது விடும். டீரெய்லர் அந்த இழுப்பைப் பக்கவாட்டு நகர்வாகப் பெருக்கும். பெருக்கி வரும் தொகை, கேசட்டில் (பின் பல்சக்கரக் கொத்து) ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளிக்குச் சரியாக இருக்க வேண்டும். மொத்தக் கணக்கும் இவ்வளவுதான்.

என் சைக்கிளையே எடுத்துக்கொள்வோம். 10 ஸ்பீடு கேசட்டின் இடைவெளி 3.95 மி.மீ. பழைய ஷிமானோ ரோடு 10 ஸ்பீடு லீவர் ஒரு கிளிக்குக்கு 2.3 மி.மீ. கேபிள் இழுக்கும். அதற்கென்றே செய்த டீரெய்லர் அதை 1.7 மடங்கு ஆக்கும், 3.9 வந்துவிடும். ஆனால் என்னிடம் இருந்தது 2010இல் ஷிமானோ கொண்டுவந்த டைனா-சிஸ் வகை எம்.டி.பி. டீரெய்லர். அது ஏறக்குறைய 1.2 மடங்குதான் நகரும், பதிலுக்குக் கிளிக்குக்கு 3.4 மி.மீ. கேபிளை எதிர்பார்க்கும். 2.3ஐ 1.2ஆல் பெருக்கினால் 2.8 கூட வராது. கிளிக்குக்கு ஒரு மி.மீ.க்கு மேல் கடன். ஒன்பது கிளிக்கில் அது மூன்று பல்சக்கரமாக வளர்ந்துவிட்டது.

ஆக, பெட்டியில் போட்டிருக்கும் ஸ்பீடு எண்ணைவிட எந்த இழுப்புக் குடும்பம் என்பதுதான் முக்கியம். நடைமுறையில் நம் கைக்கு வரக்கூடியவை இவை.

ஷிமானோவின் பழைய 1.7 குடும்பம்தான் பெரிய கூட்டுக்குடும்பம். எம்.டி.பி. பக்கம் டூர்னி, ஆல்டஸ், ஏசெரா, அலிவியோ, பழைய டியோர் என்று 7, 8, 9 ஸ்பீடு டீரெய்லர்கள். ரோடு பக்கம் கிளாரிஸ், சோரா, 4600 என்ற மாடல் எண் வரைக்குமான டியாக்ரா, 10 ஸ்பீடு காலத்து 105 எல்லாம் ஒரே வீடு. மிகப் பழைய டூரா-ஏஸ் ஒன்று விதிவிலக்கு; அது நம் கைக்கு வர வாய்ப்பில்லை. நம்மூரில் விற்ற எம்.டி.பி.களில் பெரும்பாலானவை இந்தக் குடும்பம் என்பது நல்ல செய்தி. புதிதாக வரும் கியூஸ் வேறு. அதிலும் 9 ஸ்பீடு உண்டு, ஆனால் இந்த வீட்டுப் பிள்ளை இல்லை.

ஷிமானோ ரோடு 11 ஸ்பீடு இன்னொரு குடும்பம், 1.4. 2015இல் வந்த 4700 டியாக்ரா 10 ஸ்பீடாக இருந்தாலும் இதில்தான் சேர்த்தி. ஜி.ஆர்.எக்ஸ். 10, 11 ஸ்பீடுகளும் அப்படியே. பழைய சாமான் சந்தையில் 4600ஐயும் 4700ஐயும் குழப்பி வாங்கியவர்கள் ஏராளம். லீவரின் உட்பக்கம் எண் பொறித்திருக்கும், ரப்பர் ஹூடைச் சுருட்டிப் பாருங்கள். எம்.டி.பி. 11 ஸ்பீடோ 1.1 அளவில் தனியே நிற்கிறது.

இன்னொரு கம்பெனியான ஸ்ராமில் 10 ஸ்பீடு ரோடும் எம்.டி.பி.யும் ஒரே இழுப்பு. அதனால் பழைய ரைவல், அபெக்ஸ் லீவரோடு எக்ஸ்7, எக்ஸ்9 டீரெய்லர்கள் நேராகவே ஒத்துப்போகும். ஸ்ராம் ரோடு 11 ஸ்பீடு லீவரும் அதே இழுப்புதான். எம்.டி.பி. 11 ஸ்பீடும் ஈகிள் 12 ஸ்பீடும் பிரிந்துபோய்விட்டன.

சந்தேகமா? ஸ்கேல் எடுங்கள்

பெயர் அழிந்துபோன பழைய சாமானென்றால் பள்ளிக்கூட ஸ்கேல் போதும். லீவரில் கியர் கேபிளைக் கோத்து, வெளியே வரும் இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். கேபிளை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தபடி கடைசி வரை கிளிக் செய்து, டேப் எவ்வளவு நகர்ந்தது என்று அளக்கவும். பழைய ஷிமானோ ரோடு லீவரென்றால் 8, 9, 10 எந்த ஸ்பீடாக இருந்தாலும் மொத்தம் 20 மி.மீ. அருகே வரும். டைனா-சிஸ் 10 ஸ்பீடுக்கு 30 மி.மீ. தேவை. இரண்டுக்கும் நடுவே விரற்கடை அகலம், கண்ணுக்கே தெரிந்துவிடும்.

டீரெய்லரையும் அப்படியே சோதிக்கலாம். கேபிளைச் சரியாக 10 மி.மீ. இழுத்து, மேல் சிறு சக்கரம் பக்கவாட்டில் எவ்வளவு போனது என்று பாருங்கள். 17 மி.மீ. அருகே வந்தால் பழைய குடும்பம், 12 மி.மீ. என்றால் டைனா-சிஸ். நான் இதைப் பணம் கொடுத்த பிறகு செய்தேன். நீங்கள் முன்னாலேயே செய்யுங்கள்.

டீரெய்லருக்கு எண்ணத் தெரியாது

இந்த ஒரு வரியைப் புரிந்துகொண்டால் செலவு பாதியாகும். கிளிக்கை எண்ணுவது லீவர். இடைவெளியைத் தீர்மானிப்பது கேசட். டீரெய்லர் இழுத்த இழுப்புக்குப் போகும் ஆள். ஆகவே லீவரும் கேசட்டும் ஒரே ஸ்பீடாக இருக்க வேண்டும், டீரெய்லர் அதே இழுப்புக் குடும்பமாக இருந்தால் போதும். அதன் மேல் 9 என்று எழுதியிருந்தாலும் 10 ஸ்பீடு கேசட்டில் ஓடும்.

என் சிக்கல் தீர்ந்ததும் இப்படித்தான். லீவரையும் கேசட்டையும் தொடவில்லை. 10 ஸ்பீடு டீரெய்லரைக் கழற்றிவிட்டு 9 ஸ்பீடு அலிவியோ ஒன்றை மாட்டினேன். எண்ணிக்கையில் குறைந்த சாமானைப் போட்டதும் பத்தும் வரிசையாக விழுந்தன. பக்கத்தில் நின்றிருந்த மெக்கானிக் அண்ணன், "இது எப்படிங்க?" என்று இரண்டு முறை கேட்டார்.

இன்னொரு வசதி: எம்.டி.பி. டீரெய்லரில் செயினைத் தாங்கும் நீளக் கூண்டு 34, 36 பல் சக்கரத்தையும் சமாளிக்கும். ரோடு டீரெய்லருக்கு மாறினால் ஏற்றத்துக்கான அந்தப் பெரிய சக்கரத்தைப் பெரும்பாலும் இழந்துவிடுவோம். மலை ஏறுவதற்காக வாங்கிய சைக்கிளில் அது வேண்டாத வேலை.

பிறகு பிரேக். ஷிஃப்டரை முடிவு செய்வதே சில சமயம் இதுதான்

எஸ்.டி.ஐ. வகை லீவர் (பிரேக்கும் ஷிஃப்டரும் ஒன்றானது) வாங்கினால் பிரேக்கும் சேர்ந்தே வருகிறது. இங்கேயும் இழுப்புக் கணக்கு உண்டு. எம்.டி.பி.யின் வி-பிரேக்குக்கு (இரு நீண்ட கைகளால் ரிம்மைக் கவ்வும் பிரேக்) நீண்ட இழுப்பு வேண்டும். ரோடு லீவர் இழுப்பது குறைவு. இரண்டையும் இணைத்தால் லீவர் ஹேண்டில்பாரைத் தொட்ட பிறகும் ரப்பர் ரிம்மைக் கவ்வாமல் இருக்கும். ரப்பரை ரிம்மோடு ஒட்டி வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். ரிம் லேசாகக் கோணியதும் அந்தக் கதை முடிந்தது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பரிசோதிக்க வேண்டிய விஷயமா இது?

வி-பிரேக் இருந்தால் வழிகள் மூன்று. கை நீளம் 80 முதல் 90 மி.மீ. வரையுள்ள மினி-வி போடலாம். பருமனான டயருக்கு இடம் நெருக்கும். டிராவல் ஏஜென்ட் என்ற சிறு கப்பியைக் கேபிள் பாதையில் வைக்கலாம். வேலை செய்யும், பார்க்கச் சகிக்காது. அல்லது டெக்ட்ரோ ஆர்.எல்.520 போன்ற, டிராப் பாருக்கென்றே வந்த நீண்ட இழுப்பு லீவரைப் போட்டு, ஷிஃப்டரைத் தனியே வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. பழைய கான்டிலீவர் பிரேக் உள்ள 90களின் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு யோகம். அது ரோடு லீவரோடு அப்படியே ஒத்துப்போகும்.

கேபிள் டிஸ்க் என்றால் காலிப்பரை (டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) மாற்றுவது எளிது. ஏவிட் பி.பி.7க்கு ரோடு, எம்.டி.பி. என்று இரண்டு வடிவம் உண்டு. டி.ஆர்.பி.யில் ஸ்பைர் ரோடு இழுப்பு, ஸ்பைக் எம்.டி.பி. இழுப்பு. வாங்கும்போது பெயரை முழுதாகப் படித்துப் பாருங்கள்.

ஹைட்ராலிக் டிஸ்க் என்றால் செலவு எகிறும். ஹைட்ராலிக் எஸ்.டி.ஐ. விலை பல சமயம் சைக்கிளின் விலையை எட்டிப் பார்க்கும். ஷிமானோ மினரல் ஆயில், ஸ்ராமின் டிராப் பார் லீவர்கள் டாட் திரவம். ஒன்றில் மற்றதை ஊற்றினால் உள்ளே இருக்கும் சீல் கெட்டுப்போகும், பிறகு பிரேக்கே இல்லை. செலவு கையைக் கடிக்கிறது என்பவர்கள், கேபிளால் இழுபட்டு உள்ளே எண்ணெயில் வேலை செய்யும் டி.ஆர்.பி. ஹை-ரோடு போன்ற காலிப்பரைப் பார்க்கலாம்.

இனி கைக்கு வருவோம்

பிரேக்கும் டீரெய்லரும் தெளிவானபின் பாக்கி இருக்கும் தேர்வு சிறியதாகிவிடும்.

பழைய 1.7 குடும்ப டீரெய்லரும், ரோடு இழுப்புக்கு மாற்றக்கூடிய பிரேக்கும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்: 8 ஸ்பீடுக்குக் கிளாரிஸ், 9 ஸ்பீடுக்குச் சோரா. 7 ஸ்பீடு பிரீவீல் சைக்கிளா? ஷிமானோவின் டூர்னி ஏ070 வரிசையில் 7 ஸ்பீடு எஸ்.டி.ஐ. இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் 8 ஸ்பீடு லீவரே ஓடும். 7 ஸ்பீடு இடைவெளி 5 மி.மீ., 8 ஸ்பீடு 4.8. வித்தியாசம் சிறிது, ஒரு கிளிக் சும்மா மிஞ்சும், அவ்வளவுதான். எஸ்.டி.ஐ.யின் சுகம் கரடுமுரடான பாதையில்தான் தெரியும்: பிரேக்கை விடாமலே கியர் மாறும். குறை என்னவென்றால், உள்ளே கடிகாரம் போலச் சின்னஞ்சிறு பாகங்கள். பழைய லீவரில் கிரீஸ் இறுகி, தட்டினால் பிடிக்காமல் வெறுமனே ஆடும். டீகிரீசரோ மெல்லிய எண்ணெயோ அடித்து நூறு முறை தட்டினால் பெரும்பாலும் உயிர் வரும். உடைந்துபோனால் பிரிக்காதீர்கள், நான் பிரித்த ஒன்று இன்னும் டப்பாவில் கிடக்கிறது.

பார்-எண்ட் ஷிஃப்டர் என்பது டிராப் பாரின் வால் முனையில் செருகும் சிறு நெம்புகோல். நீண்ட தூரம் மூட்டை கட்டிக்கொண்டு போகிறவர்கள் இதைத்தான் நம்புகிறார்கள். பாகங்கள் குறைவு, பிரேக் லீவரோடு சம்பந்தமில்லை, முன் கியருக்கான இடது நெம்புகோல் கிளிக் இல்லாத ஃபிரிக்‌ஷன் வகை என்பதால் எந்த முன் டீரெய்லரோடும் போகும். மைக்ரோஷிஃப்டின் பி.எஸ்.-எம்10 ஷிமானோ டைனா-சிஸ் 10 ஸ்பீடு இழுப்புக்கென்றே செய்தது. அதை முன்பே அறிந்திருந்தால் என் டீரெய்லர் பிழைத்திருக்கும். 11 ஸ்பீடு எம்.டி.பி.க்கும் அந்த வரிசையில் உண்டு. சங்கடங்களும் சொல்ல வேண்டும். கியர் மாற்றக் கையை ஹூடிலிருந்து எடுக்க வேண்டும். கற்கள் நிறைந்த இறக்கத்தில் அது தயக்கம் தரும். சைக்கிள் சாய்ந்து விழுந்தால் முதலில் அடி வாங்குவது அந்த முனைதான். கார்பன் பாரில் செருகுமுன் அந்தப் பார் அதை அனுமதிக்கிறதா என்று பாருங்கள், உள்ளே விரிந்து பிடிக்கும் அமைப்பு அது.

இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஜெவெனால். அமெரிக்காவின் போர்ட்லாந்தில் ரெட்ரோஷிஃப்ட் என்ற பெயரில் தொடங்கியது. பிரேக் லீவரின் முகத்திலேயே பார்-எண்ட் போன்ற நெம்புகோலை உட்கார வைத்திருப்பார்கள். சேற்றுப் பந்தயக்காரர்களின் கண்டுபிடிப்பு. நல்ல யோசனை, இங்கே வரவழைப்பதுதான் பாடு.

எல்லாவற்றையும் புதிதாகவே வாங்கத் தயார் என்றால் மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட் வரிசை இருக்கிறது: 9 ஸ்பீடு அட்வென்ட், 10 ஸ்பீடு அட்வென்ட் எக்ஸ், இரண்டுக்கும் டிராப் பார் லீவர் உண்டு, டீரெய்லரில் செயினை இறுக்கும் கிளட்ச் உண்டு. லீவர், டீரெய்லர் இரண்டையும் ஜோடியாக வாங்கியாக வேண்டும். பணம் ஒரு பொருட்டில்லை என்றால் ஸ்ராம் ஏ.எக்ஸ்.எஸ். 2019இலிருந்து அதன் ரோடு லீவரும் ஈகிள் ஏ.எக்ஸ்.எஸ். டீரெய்லரும் கம்பியில்லாமல் பேசிக்கொள்கின்றன. கேபிளே இல்லாதபோது இழுப்புக் கணக்கும் இல்லை. ஓட்டிப் பார்த்தேன், பொறாமையாக இருந்தது.

ஊல்ஃப் டூத் டான்பான் என்றொரு சிறு கப்பி, ரோடு லீவரின் இழுப்பைப் பெரிதாக்கி எம்.டி.பி. டீரெய்லருக்குத் தரும். 10, 11 ஸ்பீடுகளுக்குத் தனித்தனி. கேபிள் பாதையில் இன்னொரு அழுக்குச் சேரும் இடம் எதற்கு என்பது என் கருத்து. விலை உயர்ந்த டீரெய்லரைக் கழற்ற மனமில்லாதவர்களுக்கு அது சரி.

முன் கியர்: கழற்றிவிடுங்கள்

ரோடு லீவரின் இடது இழுப்பும் எம்.டி.பி. முன் டீரெய்லரின் தேவையும் பொருந்துவதில்லை. ரோடு முன் டீரெய்லரைப் போடலாம் என்றால், அதன் கூண்டு 50 பல் வட்டத்துக்கு வளைந்தது, எம்.டி.பி. கிராங்கின் 42, 44 பல்லுக்குத் தளர்வாக நிற்கும். ரோடு டபுளின் செயின் கோடு (ஃபிரேமின் நடுவிலிருந்து செயின் ஓடும் தூரம்) 43.5 மி.மீ., எம்.டி.பி.யில் 50 மி.மீ. அருகே. போதாததற்கு எம்.டி.பி. ஃபிரேமில் கேபிள் பெரும்பாலும் மேலிருந்து இறங்கும், ரோடு டீரெய்லர் கீழிருந்து இழுக்கும். மூன்று தலைவலிக்கு ஒரே மருந்து: முன்னால் ஒற்றைச் சக்கரம். பல் ஒன்று அகலம் ஒன்று குறுகலாக மாறி மாறி வரும் 34 அல்லது 36 பல் சக்கரம், பின்னால் 11-36. பழைய டீரெய்லரில் கிளட்ச் இல்லை என்பதால் மேட்டில் குதித்தால் செயின் கழன்றுவிடலாம். மேலே ஒரு செயின் கைடு வையுங்கள். மூன்று சக்கரமும் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்குப் பார்-எண்ட் ஒன்றே நிம்மதி.

மாட்டும்போது

எம்.டி.பி.யின் மேல் குழாய் நீளம். டிராப் பார் கையை மேலும் முன்னே கொண்டுபோகும். இருந்த ஸ்டெம்மைவிடக் குட்டையாக, 40 முதல் 60 மி.மீ. வரை, கொஞ்சம் நிமிர்ந்த கோணத்தில் ஒன்று வேண்டிவரும். கீழ்முனை வெளிப்பக்கம் விரிந்த பார் நல்லது, ஆனால் விரிவு அதிகமானால் எஸ்.டி.ஐ. லீவரும் உள்பக்கம் சாயும். டேப் சுற்றுமுன் சைக்கிளில் உட்கார்ந்து விரல் எட்டுகிறதா என்று பாருங்கள்.

பிரேக் உள்கம்பியின் தலை எம்.டி.பி.க்கு உருளை, ரோடு லீவருக்குப் பேரிக்காய் வடிவம். பழைய கம்பியை உபயோகிக்க முடியாது. கியருக்குக் கியர் அவுட்டரே (கேபிளின் வெளியுறை) போடுங்கள். பிரேக் அவுட்டர் அழுத்தத்தில் சுருங்கும், கியர் எப்போதும் அரை மனதாகவே விழும். எஸ்.டி.ஐ. லீவரில் இறுக்கத்தைத் திருத்தும் திருகு கிடையாது. டீரெய்லரிலும் இல்லாவிட்டால் கேபிள் நடுவே ஒரு பேரல் அட்ஜஸ்டரை வைத்துவிடுங்கள்.

முதலில் டீரெய்லர் இரு முனையிலும் எல்லை தாண்டாமல் தடுக்கும் எச், எல் இரண்டு திருகுகளையும் செட் செய்துவிட்டு, செயினைச் சிறிய சக்கரத்தில் வைத்துக் கேபிளைப் பிடிக்கவும். ஒரு கிளிக். ஏறத் தயங்கினால் அட்ஜஸ்டரைக் கால் சுற்று வெளியே, தாண்டி உரசினால் கால் சுற்று உள்ளே. இரண்டாவது கியர் சரியாக விழுந்து, ஏழு எட்டில் மட்டும் தப்பினால் அட்ஜஸ்டரோடு மல்லுக்கட்டாதீர்கள். இழுப்புக் குடும்பம் தவறு, அல்லது டீரெய்லர் மாட்டும் ஹேங்கர் வளைந்திருக்கிறது. டேப் சுற்றுவது எல்லாக் கியரும் விழுந்த பிறகு. சமதரையில் ஹூடிலிருந்தும் கீழ்முனையிலிருந்தும் பத்துப் பதினைந்து முறை பிரேக் பிடித்துப் பாருங்கள். முதல் நூறு கிலோமீட்டருக்குள் அவுட்டர்கள் தங்கள் குழிகளில் அமர்ந்து கேபிள் தொய்யும். அன்று கியர் தடுமாறினால் பயப்பட வேண்டாம், இன்னொரு கால் சுற்று வெளியே.